விமலாதேவி எழுதிய பாதி

டார்னெய்ட்
11 மார்ச் 2024

அன்புள்ள மகள் லக்சிகாவுக்கு,

உன் கண்காட்சியில் நான் கை துடைத்த விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன். அதைத் தாண்டி வேறெதையும் எழுத என் பேனைக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்தக் கடதாசி அடுக்கு, பொரித்த மீன் பற்றிஸ் வைத்த தட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தது பிள்ளை. சதுரமாக, தடிப்பாக, கரையெல்லாம் பிசிறாக, ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புப் பூ. சிட்னிக்காரர் கை துடைக்கிற கடதாசிக்கும் பூ வைக்கிறார்களே என்று வியந்தேன். எண்ணெய்க் கையை அழுத்தித் துடைத்து, வாயையும் ஒற்றி, மடித்துச் சட்டைப் பையில் வைத்த பிறகுதான் வெள்ளைக்கார அம்மா ஒருவர் தோளைத் தொட்டார். அது மடகஸ்கார் தீவின் தென்கிழக்குக் கரையில் வாழும் அந்தெமொரோ மக்களின் கடதாசி, மரப்பட்டையை அவித்து அடித்துக் கையால் செய்தது, பல நூறு வருட வழக்கம் என்று விளக்கினார். நான் என்ன சொல்ல? "வெரி சொஃப்ட்" என்றேன்.

கடதாசி தெரியாதவன் செய்திருந்தால் மன்னிக்கலாம். பதினெட்டு வருடம் ட்ருகனினாவில் அட்டைப்பெட்டிக் கொம்பனியில் கழிவுக் கடதாசியை மெஷினில் நசுக்கிக் கட்டுக் கட்டியவன் நான். ஓ/எல் சோதனையில் கணக்குப் பாடம் இரண்டு தரம் கவிழ்ந்தாலும், ஒரு தாளைத் தொட்டால் அது எந்தப் பெட்டி என்று சொல்வேன். அன்றைக்குப் பற்றிஸ் என் அறிவை மூடிவிட்டது.

பிறகு கார் நிறுத்துமிடத்தில் நீ கேட்டாய். ஆஸ்பத்திரியில் தொண்டையில் குழாய் போட்டிருந்த ஐந்து கிழமையும் அம்மா பேச முடியாமல் எழுதிக் காட்டிய துண்டுகள் எங்கே என்று. "மஞ்சள் மூடி ரீசைக்கிள் தொட்டிக்குள்ள போட்டாச்சு பிள்ளை, எல்லாம் இப்ப ஆரின்ரையோ பீட்சாப் பெட்டி" என்று பகிடி விட்டேன். உன் முகம் போன போக்கைப் பார்த்ததும் அந்தப் பகிடியைத் திரும்ப விழுங்கலாமா என்று இருந்தது. எட்டு நாளாக நீ போன் எடுக்கவில்லை. 'சொல்ல ஏதும் இருந்தால் எழுதி அனுப்புங்கள், போனில் நீங்கள் சிரித்து மழுப்பிவிடுவீர்கள்' என்று ஒரு மெசேஜ் மட்டும். சரி, எழுதுகிறேன்.

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. நேற்று மத்தியானம் குளிராக இருக்கிறதென்று பழைய கம்பளிச் சட்டையைப் போட்டேன். பைக்குள் ஒரு துண்டு. 'கதவு பூட்டினீங்களோ?' போய்ப் பார்த்தேன். பின்கதவு விரியத் திறந்து கிடந்தது. "பூட்டிப்போட்டன் விமலா" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான், யாருக்குச் சொன்னேன் என்று கதவடியில் நின்று யோசித்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
சித்திரத்தில் கை துடைத்த
அப்பா


ஸ்ட்ராத்ஃபீல்ட்
19 மார்ச் 2024

அப்பா,

என் தமிழ் சனிக்கிழமைப் பள்ளித் தமிழ். பிழை இருக்கும். சிவப்புப் பேனையால் திருத்தித் திருப்பி அனுப்பக் கூடாது. பத்தாம் வகுப்பில் நான் தந்த பிறந்தநாள் கார்டை அப்படித்தான் செய்தீர்கள்.

கை துடைத்ததற்கு எனக்குக் கோபம் இல்லை. அந்தத் தாள்களில் பாதி ஹெரி செய்தது. என்னோடு பட்டறையில் வேலை செய்கிறவன், அவனே அந்தெமொரோ. அவன் இன்னும் சிரிக்கிறான். "உன்ர அப்பா ஒருத்தர்தான் அதைப் பயன்படுத்தினவர், மற்ற ஆக்கள் சும்மா பார்த்தவை" என்கிறான்.

கோபம் மற்றதற்கு. நீங்கள் கெட்டிக்காரப் பொய்யர் இல்லை அப்பா. தொட்டியில் போட்டாயிற்று என்கிறீர்கள். அதே கடிதத்தில் கீழே கம்பளிச் சட்டைப் பைக்குள் ஒன்று இருக்கிறது. அப்படியென்றால் மற்றவையும் இருக்கின்றன.

நான் அந்த நேரம் எங்கே இருந்தேன் என்று உங்களுக்கு நினைவூட்ட வேண்டுமா? மடகஸ்காரில், வொஹிபேனோவில், ஹெரியின் தங்கை வீட்டில், பட்டை அவித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் சிக்னல் கிடைக்கிற மேட்டில் ஏறி நின்று போன் எடுத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள், "சின்ன ஒப்பரேஷன், தொண்டை ஆறும்வரைக்கும் கதைக்கக் கூடாதாம், அம்மா நல்லா இருக்கிறா" என்றீர்கள். பிறகு ஒரு வியாழக்கிழமை நீங்களாகவே எடுத்தீர்கள். அங்கிருந்து மெல்பேர்ன் வர எனக்கு மூன்று நாள் ஆனது. வந்தபோது அம்மா பெட்டிக்குள் இருந்தா.

அந்த ஊரைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அவர்களுடைய முன்னோர் கடதாசி செய்தது பூ வைத்து விற்பதற்காக இல்லை. பூ பின்னாளில் வந்தது. தங்கள் சொந்த மொழியை அரபு எழுத்தில் எழுதி வைப்பதற்காகச் செய்தார்கள். அந்தப் புத்தகத்துக்கு சொராபே என்று பெயர். அதை எழுதிக் காத்து வைத்திருக்கிறவர் கதிபோ. ஹெரியின் பெரியப்பா ஒரு கதிபோ. அவர் வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டேன். புத்தகத்தை எனக்குக் காட்டவில்லை. எல்லோருக்கும் காட்டுகிற பொருள் இல்லை அது. எனக்கு வருத்தமும் இல்லை. அது என் அம்மா எழுதியது இல்லை.

இது என் அம்மா எழுதியது.

எனக்கு ஒரே கேள்விதான். அம்மா என்னைக் கேட்டாவா? அந்தத் துண்டுகளில் எங்காவது என் பெயர் இருக்கிறதா? இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள், அதையும் தாங்குவேன். தெரியாமல் இருப்பதுதான் முடியவில்லை. வேலையில் ஒவ்வொரு ஈரத் தாளைத் தூக்கும்போதும் அதில் ஏதோ எழுதியிருக்கிறதா என்று பார்க்கிறேன்.

லக்சிகா


டார்னெய்ட்
2 ஏப்ரல் 2024

அன்புள்ள மகளுக்கு,

பிடிபட்டேன். இருக்கின்றன. நூற்றிப்பதினான்கு துண்டு, பிஸ்கற் ரின் ஒன்றுக்குள். ஆஸ்பத்திரியில் முதலில் அழித்தழித்து எழுதுகிற வெள்ளைப் பலகை ஒன்றுதான் கொடுத்தார்கள். அம்மா அதில் எழுதிய முதல் வசனமே, 'இது அழிஞ்சு போகுது, கொப்பி வாங்கிக்கொண்டு வாங்கோ.' நான் வாசித்ததும் கிழித்துக் கிழித்து அந்தந்த நாள் போட்டிருந்த சட்டைப் பைக்குள் வைத்தேன். அதனால்தான் ரின்னுக்குள் அடங்காமல் இன்னும் சில வீட்டில் உலாவுகின்றன.

பிள்ளை, அந்தக் கதிபோ பெரியப்பாவை எனக்கு நன்றாகப் பிடித்துப்போய்விட்டது. வீட்டுக்கு வந்தவளுக்குச் சோறு போடுகிறார், புத்தகத்தை மட்டும் காட்டுகிறார் இல்லை. எவ்வளவு மரியாதையான மனிசன்! என்னையும் அப்படி ஒரு கதிபோ என்று வைத்துக்கொள்ளேன். கணக்கில் இரண்டு தரம் கவிழ்ந்த கதிபோ. அங்கே நீ வருத்தப்படவில்லை அல்லவா, இங்கேயும் அப்படியே விட்டுவிடு.

உன் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடவில்லை. முதல் கிழமை அம்மா எழுதியது இது. சொல்லுக்குச் சொல் எழுதுகிறேன். 'லக்சிக்குச் சொல்லாதேங்கோ. அவளின்ர வேலை குழம்பும்.' இது சத்தியம். அவ சொன்னதைத்தான் நான் செய்தேன்.

மற்றபடி இந்த வீட்டுக் கதையைக் கேள். போன புதன் காருக்குள் வெயில் மறைப்பை இறக்கினேன். மடியில் ஒரு துண்டு விழுந்தது. 'மெதுவா ஓடுங்கோ.' என்னுடைய சட்டைப் பை நிறைந்த நாளில் நானே செருகியிருப்பேன். ஆனால் அதை வாசிக்கிறதற்காக வேகத்தைக் குறைத்தேன், அடுத்த வட்டச் சந்தியில் ஒரு லொறி நிற்காமல் குறுக்கே போனது. காரை ஓரத்தில் நிறுத்தி, "ஓமப்பா, மெதுவாத்தான் போறன்" என்றேன்.

சனிக்கிழமை துணி காயப்போடும்போது பழைய காற்சட்டைப் பைக்குள் இன்னொன்று. தோய்ந்து, வெளிறி. 'சாப்பிட்டீங்களோ?' மத்தியானம் மூன்று மணி, நான் சாப்பிடவில்லை. என்ன கறி வைக்கப் போகிறேன் என்று விபரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வேலிக்கு மேலால் யோகா அன்ரியின் தலை வந்தது.

"அண்ணை, ஆரோட கதைக்கிறியள்?"

"போனில, மோளோட."

"போன் இஞ்சால வேலிக் கட்டையில கிடக்குது அண்ணை."

எடுத்துத் தந்தா. முகத்தில் சிரிப்பில்லை. அன்று பின்னேரம் புட்டும் முட்டைப் பொரியலும் கொடுத்து அனுப்பினா.

இன்னொன்று. அந்தக் கடதாசி செய்கிற முறை என்ன? வீட்டில் ஒருவரால் செய்யலாமா? சும்மா அறியத்தான் கேட்கிறேன். பதினெட்டு வருடம் நசுக்கியவனுக்கு அது உண்டாவது எப்படியென்று தெரியாதது ஒரு குறைதானே.

அப்பா


ஸ்ட்ராத்ஃபீல்ட்
14 ஏப்ரல் 2024

அப்பா,

புதுவருட வாழ்த்துகள். கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார்கள், பழக்கத்தில் 'விமலாதேவி' என்று சொல்லிவிட்டேன். ஐயர் சொல்லவும் தொடங்கிவிட்டார். நான் நிறுத்தவில்லை.

என் வேலையைப் பற்றி நீங்கள் ஒரு கேள்வி கேட்டது இதுதான் முதல்முறை. அதனால் ஒழுங்காகப் பதில் சொல்கிறேன்.

அங்கே அவோஹா என்ற மரத்தின் பட்டை. அதை ஆஸ்திரேலியாவுக்குள் கொண்டுவர விடமாட்டார்கள், விமான நிலையத்தில் என் சப்பாத்து மண்ணையே சுரண்டினார்கள். ஆனால் மல்பெரி அதே குடும்பத்து மரம். நானும் ஹெரியும் இங்கே அதைத்தான் எடுக்கிறோம். கொப்பை ஆவியில் வைத்தால் பட்டை உரியும். மேல்தோலைச் சுரண்டுங்கள். மரச் சாம்பல் கரைத்த தண்ணீரில் நாலைந்து மணி நேரம் அவியுங்கள். கழுவுங்கள். பிறகு மரக்கட்டையால் அடியுங்கள், கூழாகும் வரைக்கும். ஒரு தாளுக்கு ஒரு உருண்டை. மரச் சட்டத்தில் பருத்தித் துணியை இழுத்துக் கட்டி, ஆழமில்லாத தண்ணீரில் மிதக்கவிட்டு, அந்த உருண்டையைக் கையாலேயே கரைத்துப் பரப்ப வேண்டும். சட்டத்தோடு தூக்கி வெயிலில் வையுங்கள். அவ்வளவுதான்.

அடிப்பதுதான் கஷ்டம். நானும் ஹெரியின் தங்கையும் எதிரெதிரே இருந்து அடித்தோம். ஒருவரின் தட்டு விழுகிற இடைவெளியில் மற்றவரின் தட்டு. தனியாக அடித்தால் கை சீக்கிரம் களைக்கும், இடைவெளி வெறுமையாகக் கேட்கும்.

இப்போது என் கேள்வி. 'லக்சிக்குச் சொல்லாதேங்கோ' முதல் கிழமை எழுதியது என்கிறீர்கள். நம்புகிறேன். அம்மா அப்படித்தான். மற்ற நான்கு கிழமையும் என்ன எழுதினா?

கதிபோ பகிடி நல்ல பகிடி. ஆனால் அந்தப் பெரியப்பா புத்தகத்தைத் தன்னைக் காப்பாற்றுவதற்காக மறைத்து வைக்கவில்லை.

யோகா அன்ரிக்கு நன்றி சொல்லுங்கள்.

லக்சி


டார்னெய்ட்
5 மே 2024

அன்புள்ள லக்சிக்கு,

இத்துடன் வரும் தட்டையான பொதியை மடிக்காமல் பிரி. உள்ளே இருப்பது நான் செய்த கடதாசி. பார்க்க அப்பளம் போல இருக்கும், பொரிக்க வேண்டாம்.

யோகா அன்ரி வீட்டு மல்பெரிக் கொப்பு எங்கள் பக்கம் சாய்ந்து கிடந்ததை வெட்டித் தருகிறேன் என்றேன். "இவ்வளவு நாளும் இல்லாத அக்கறை" என்று சந்தேகத்தோடு பார்த்தா. இட்லிச் சட்டியில் வைத்து அவித்தேன், பாதிதான் உரிந்தது. சாம்பலுக்கு மூன்று நாள் பார்பெக்யூ போட்டேன், வெறும் விறகை எரித்து, ஒரு சொசேஜ்கூட வைக்காமல். அவியும்போது அடித்த மணத்தில் முன்வீட்டுப் பஞ்சாபிப் பொடியன் வந்து காஸ் கசிகிறதா என்று கேட்டுவிட்டுப் போனான். சட்டத்துக்கு ஒரு படத்தின் பிறேம், துணிக்கு என் பழைய வேட்டி.

அடிக்கிறதுக்கு உன் கிரிக்கெட் மட்டை. கராஜ் நிலத்தில் பலகை வைத்து, காலைப் பத்து மணி வெளிச்சத்தில் இருந்து அடித்தேன். தட்டு, இடைவெளி, தட்டு, இடைவெளி. நீ எழுதியது சரி, அந்த இடைவெளி வெறுமையாகத்தான் கேட்டது. கொஞ்ச நேரம் போக அப்படிக் கேட்கவில்லை. இடைவெளியிலும் ஒரு தட்டு விழத் தொடங்கியது, சின்னதாக, என்னுடையதைவிட ஒழுங்காக. எதிர்ச் சுவரில் மோதி வருகிற சத்தம் என்று நினைத்தேன். மட்டையைத் தூக்கியபடி அப்படியே நிறுத்திப் பார்த்தேன். இன்னும் ஒரு தட்டுக் கேட்டது. ஒன்றே ஒன்று. பிறகு நின்றது, நான் ஏன் நிறுத்தினேன் என்று கேட்கிற மாதிரி.

பயப்படவில்லை பிள்ளை. கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தொடர்ந்தேன். அதற்குப் பிறகு கை களைக்கவில்லை.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். அந்தக் கூழுக்குள் பிஸ்கற் ரின் முழுவதையும் கொட்டினேன். வீட்டுக்குள் உலாவியதையும் பொறுக்கிப் போட்டேன். ஊறவைத்துக் கிழித்து, மல்பெரியோடு சேர்த்து அடித்துக் கலந்தேன். நீ அம்மா எழுதியது வேண்டும் என்றாய், நான் காட்ட முடியாது என்றேன். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறதே என்று பட்டது. அவ எழுதினது முழுவதும் இப்போது உன் கையில். வாசிக்கத்தான் முடியாது, வைத்திருக்கலாம். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டு.

நான் ஒருவேளை புத்தியான காரியம் செய்திருக்கிறேன் என்று நினைக்கிறேன். வாழ்க்கையில் அது அடிக்கடி நடக்காததால் நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

அப்பா


ஸ்ட்ராத்ஃபீல்ட்
16 மே 2024

அப்பா,

ஐந்து தரம் எழுதிக் கிழித்தேன். இது ஆறாவது.

நீங்கள் என்ன செய்தீர்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? அம்மா கடைசியாகச் செய்த ஒரே வேலை எழுதினதுதான். 'இது அழிஞ்சு போகுது' என்று சொல்லிக் கொப்பி கேட்டாவே. நீங்கள்தான் எனக்கு எழுதினீர்கள்.

பொதியைப் பட்டறையில் பிரித்தேன். ஹெரி பக்கத்தில் நின்றான். விஷயத்தைச் சொன்னேன். கையைத் துடைத்துவிட்டுத் தாளை வாங்கிப் பார்த்தான். பிறகு சொன்னான்: "எங்கட ஊரில எழுதின தாளைத் திரும்பக் கூழாக்கிறதை நான் கேள்விப்படேல்லை. பழசாப் போனால், பூச்சி அரிச்சால், ஒருத்தர் இருந்து அதைப் பார்த்துப் புதுத் தாளில எழுதுவார். கடதாசி போகலாம். எழுதினது போகக் கூடாது." அவன் ஒருநாளும் இப்படிக் குரலைத் தாழ்த்திப் பேசியதில்லை.

அப்பா, நீங்கள் நன்றாக அடிக்கவில்லை. பெட்டிக் கொம்பனி மெஷின் இல்லையே, கிரிக்கெட் மட்டை. நீலப் பேனை மை சில இடத்தில் அப்படியே நிற்கிறது. தாளை ஜன்னலில் பிடித்தால் தெரிகிறது. நான் மூன்று நாளாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு இடத்தில் 'தண்ணி'. இடது மூலையில் 'நோகுது'. நடுவில், இரண்டு நார்களுக்கு இடையில், 'பிளேன் எத்த'. அதற்கு மேல் கிழிந்துவிட்டது.

எந்தப் பிளேன் அப்பா? அந்த ஐந்து கிழமையில் யார் பிளேனில் வருவதாக இருந்தது?

இருந்து எழுதுங்கள். நூற்றிப்பதினான்கையும். உங்களுக்கு எத்தனை ஞாபகம் இருக்கிறதோ அத்தனை. ஒவ்வொன்றையும் நீங்கள் எத்தனை தரம் வாசித்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பகிடி வேண்டாம். அது வரும்வரைக்கும் நான் எழுதமாட்டேன். அம்மாவின் ஆடித் திவசத்துக்கு வரவும் மாட்டேன்.

லக்சிகா


டார்னெய்ட்
2 ஜூன் 2024

லக்சி,

குசினி மேசையில் இருந்து எழுதினேன். பன்னிரண்டு நாள். தொண்ணூற்றி மூன்று ஞாபகம் வந்தது. மற்ற இருபத்தொன்றையும் நான் கொன்றுவிட்டேன், அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் எனக்கு முகம் இல்லை. தனித் தாள்களில் இருக்கின்றன, ஒரு வரிக்கு ஒன்று, நாள் தெரிந்த இடத்தில் நாளோடு. வெள்ளைத் தாள், கடையில் வாங்கியது. என்னுடைய கை எழுத்து அவவுடையதைப் போல வராது.

எழுதும்போது ஒன்று கண்டேன். அவ கேட்டது எல்லாம் இருக்கிறது, நான் சொன்னது ஒன்றுமே இல்லை. எனக்கு வாய் இருந்தது, நான் எழுதத் தேவைப்படவில்லை. அது பாதிப் பேச்சு. மற்றப் பாதி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. அதை எழுதாமல் அனுப்பினால் நான் இன்னொரு தரம் கூழாக்குகிறேன் என்றுதான் அர்த்தம்.

முதல் மூன்று கிழமையும் நீ தனியே வாசி. 'இந்த நேர்ஸ் நல்ல பிள்ளை, பேர் என்னெண்டு கேளுங்கோ.' 'உங்கட சேட்டுப் பொத்தான் மாறிக் கிடக்குது.' 'சிரிப்புக் காட்டாதேங்கோ, தொண்டை நோகுது.' இது ஒன்பது தரம் இருக்கும். அவவைச் சிரிக்க வைக்கத்தான் எனக்குத் தெரியும், அது அவவுக்கு நோகும் என்று தெரிந்தும் செய்தேன்.

நான்காம் கிழமை நடுவில் எழுதினது: 'லக்சியை வரச் சொல்லுங்கோ.'

ஓம். கேட்டா. உன்னைத்தான் கேட்டா.

நான், "சொல்லுறன்" என்றேன்.

'சொன்னீங்களோ?'

"சொல்லிப்போட்டன்."

'என்ன சொன்னவள்?'

"அழுதவள். உடன வெளிக்கிடுறாளாம்."

'எப்ப வாறாள்?'

"வாற வெள்ளி."

'அவளின்ர கட்டிலுக்குப் புது விரிப்புப் போடுங்கோ. நீலம்.'

"போடுறன்." போட்டேன். இதில் அது ஒன்றுதான் உண்மை.

'பிளேன் எத்தனை மணிக்கு?'

"பின்னேரம் ஆறரைக்கு."

ஆறரை என்று எங்கேயிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது பிள்ளை. நேரம்கூடச் சொன்னேன். வெள்ளிக்கிழமை அவ நேர்ஸைக் கூப்பிட்டுத் தலை வாரி இழுப்பித்தா. ஏழு மணிக்கு நான், "பாதை பழுதாம், செவ்வாய்தானாம்" என்றேன். 'பாவம் பிள்ளை, தனிய நிக்கப் போறாள்' என்று எழுதினா.

அந்த ஞாயிறும் நீ மேட்டில் ஏறி நின்று போன் எடுத்தாய். நான் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்றேன். முதல் தரமாகத் தாள் ஓட்டை விழாமல் வந்தது என்று நீ சொன்னாய், எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். என் வாயில் வந்து நின்றது, வா பிள்ளை என்று. சொன்னால் நீ வருவாய். நீ வந்தால் அவ சாகப் போகிறா என்று அர்த்தம். நீ அங்கே நிற்கும்வரைக்கும் அது சின்ன ஒப்பரேஷன். என் மூளை அப்படித்தான் கணக்குப் போட்டது. டொக்டர்மாரும் ஆறிவருகிறது என்றுதான் சொன்னார்கள். ஆனால் அவர்கள் மேல் நான் பழி போடவில்லை. அவ வரச் சொல்லச் சொன்னது டொக்டரை இல்லை, என்னை.

செவ்வாயும் போனது.

ரின்னுக்குள்ளும் சட்டைப் பைக்குள்ளும் வைக்காமல், நான் அன்றைக்கே தாழ்வாரத்துக் குப்பைத் தொட்டியில் போட்டது ஒன்று இருக்கிறது. தொண்ணூற்றி மூன்றில் அது இல்லை. நூற்றிப்பதினான்கிலும் இல்லை. இந்த வீட்டில் ஒவ்வொரு சட்டையையும் உதறும்போது நான் பயப்பட்டது அது எப்படியோ திரும்பி வந்துவிடும் என்றுதான். வரவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

புதன்கிழமை பின்னேரம். ஜன்னல் பக்கம் அவவைச் சாய்த்து வைத்திருந்தார்கள். கொப்பியை எடுத்து மெதுவாக எழுதினா. எழுதிவிட்டு வழக்கம்போல என் பக்கம் திருப்பினா.

'நீங்கள் அவளுக்குச் சொல்லேல்லை, என்ன?'

நான் சிரித்தேன். "உமக்கென்ன விசரே" என்றேன்.

அவ சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. பேனையை மூடி வயிற்றில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டு இருந்தா. ஒரு பதிலுக்கு அவ அவ்வளவு நேரம் காத்திருந்ததை நான் கண்டதில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறேன் என்று அந்தத் துண்டைக் கிழித்து எடுத்துக்கொண்டு எழும்பினேன். கதவடியில் திரும்பிப் பார்த்தேன். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தா. நான் திரும்பி வந்தபோது கண்ணை மூடியிருந்தா. நித்திரை என்று நினைத்து எழுப்பவில்லை. விடிய வியாழக்கிழமை, உனக்கு நான் போன் எடுத்த நாள்.

கதவடியில் நின்றபோது பதில் என் வாய்க்குள் இருந்தது. நாக்கில் இருந்தது. அவவுக்கும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கவில்லை.

ஓம் விமலா. சொல்லேல்லை.